விளக்கைப் பற்றி வழக்காடுங்கள்

வைத்தியர் ஒருவர் 'தகுதியில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்ட துண்டுக் காகிதத்துக்கு நம்மவர்கள் காட்டும் பயபக்தியில் நூற்றிலொரு பங்கைக் காணி உறுதிகளுக்கும் காட்டியிருந்தால், யாழ்ப்பாணத்து நியாயஸ்தலங்களில் பாதியை மூடிவிட்டு அந்த வளவுகளில் வெங்காயம் நட்டிருக்கலாம் என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். அதை இன்று பகிரங்கமாக எழுதும்படி எனக்குச் சினமூட்டியவர், லண்டனில் வசிக்கும் என் மச்சான்.

(மச்சான் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.)

விஷயம் இதுதான். அவருடைய மகள் வயிற்றுப் பேரன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன், அந்நாட்டுப் படையொன்றில் சேர விண்ணப்பித்தான். ஓட்டத்திலும் எழுத்துப் பரீட்சையிலும் சித்தியடைந்தவன், வைத்திய பரிசோதனையில் புள்ளிப் படங்களைக் காட்டி 'இது என்ன இலக்கம்?' என்று கேட்டபோது தடுமாறிவிட்டான். சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்குச் சரியாகப் பிரியவில்லை. அவ்வளவுதான், ஒரு வரிக் கடிதம் வந்தது. இதைத் தொலைபேசியில் எனக்குச் சொன்ன மச்சான், நான் வாய் திறக்குமுன்பே தீர்ப்பையும் தாமே வாசித்துவிட்டார்.

"டொக்டர் எழுதினாப் பிறகு எழுதினதுதான். உதுக்கெல்லாம் கோடு கச்சேரி எண்டு ஏறித் திரியிறது எங்கடை குடும்பத்துக்கு அழகில்லை, கண்டீரோ?"

எங்கள் குடும்பத்துக்கு அழகில்லையாம்! வேலிக் கதியாலை அரை முழம் தள்ளி நட்டதற்காக அப்புக்காத்துமாரின் பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவர்கள் நாங்கள். பங்குக் கிணற்றில் யார் எந்த நாளில் இறைப்பது என்ற பிணக்கில், வழக்குத் தொடுத்தவரும் எதிராளியும் காலமாகி, கிணறும் உவராகிப் போன பின்னரும், தவணை கேட்டுக்கொண்டிருந்த வமிசம் இது. அப்படிப்பட்டவர்கள், ஒரு பிள்ளையின் வாழ்நாள் ஆசையை ஒரு வரியில் முடித்துவைத்த கடிதத்தின் முன்னால் மாத்திரம் கைகட்டி நிற்பதற்கு என்ன நியாயம்?

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படை, இராணுவம் என்ற சொற்களைக் கேட்ட மாத்திரத்தில் குடாநாட்டு வாசகர் பலருடைய முகம் மாறும் என்பதை நான் அறியாதவனல்லன். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிய கைகளில் என்னுடைய கையும் ஒன்று. அது பெரிய கதை. இங்கே பிரஸ்தாபிக்கப் போவதில்லை. எவன் எந்த நாட்டில் எந்தப் படையில் சேர ஆசைப்படுகிறான் என்பது அவனவன் மனச்சாட்சிக்கு உரிய காரியம். அவனை என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

வைத்தியர்மேல் நமக்குள்ள விசுவாசத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1847இல் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து, மானிப்பாயைத் தம் ஊராக்கிக்கொண்டு, மேல்நாட்டு வைத்திய சாஸ்திரத்தைத் தமிழிலேயே படிப்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கித் தந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் போன்றவர்களைக் கண்ட மண்ணில், 'டொக்குத்தர் சொன்னார்' என்பது வேதவாக்கானதில் ஆச்சரியமில்லை. ஆனால் நோயாளிக்கு மருந்து எழுதும் வைத்தியர் வேறு. உத்தியோகத்துக்கு ஆள் தெரிந்தெடுக்கும் வைத்தியர் வேறு. முன்னவர் உங்களுக்காகப் பேசுகிறார். பின்னவர் உங்களை வேலைக்கு எடுக்கப் போகிறவருக்காகப் பேசுகிறார். இருவரும் ஒரே வெள்ளை அங்கியை அணிந்துகொண்டிருப்பதுதான் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

அந்தப் புள்ளிப் படங்களின் ஜனனமே இராணுவத்தில்தான் நிகழ்ந்தது. ஜப்பானிய இராணுவ வைத்தியராக இருந்த ஷினோபு இஷிஹாரா (1879–1963) என்பவரிடம், படைக்கு ஆள் சேர்க்கும்போது நிறக்குருடரைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு சுலபமான வழி செய்து தரும்படி இராணுவம் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் வரைந்தவை அவை. 1917இல் உலகுக்கு வெளியிடப்பட்டன. முழுத் தொகுதியில் 38 படங்கள். முதற் படத்தில் உள்ள 12 என்ற இலக்கம் குருடரல்லாத எவருக்கும் தெரியும். அதையும் தெரியவில்லை என்பவர் நடிக்கிறார் என்று கொள்ளலாம். இரண்டாவது படத்தில் உங்களுக்கு 8 தெரியும். எனக்கு 3.

ஆம், நானும் நிறக்குருடன்தான். சிறு பிராயத்தில் 'பழுத்ததை மட்டும் பிடுங்கு' என்று ஐயா மிளகாய்த் தோட்டத்துக்குள் விட்டால், பருமனைப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்து நிற்பேன். இன்றைக்கும் திருநெல்வேலிச் சந்தையில் தக்காளி வாங்கும்போது, 'ஆச்சி, இது பழமோ காயோ?' என்று கேட்க, வியாபாரி அம்மா என் வெள்ளைத் தலையைப் பார்த்து, 'கண் தெரியேல்லையோ அப்பு?' என்று இரக்கப்பட்டு ஒரு பழத்தைக் கூடப் போட்டுவிடுவார். (குறையிலும் ஆதாயமுண்டு. கறுத்தக்கொழும்பான் விஷயத்தில் நீங்களும் நானும் சமம். அது பழுத்தாலும் பச்சைதானே!)

ஐரோப்பிய வமிசத்து ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு இந்தக் குறை உண்டு. பெண்களில் 200 பேருக்கு ஒருவர் அளவில்தான். காரணம், இது தாய் வழியாக வரும் சொத்து. தகப்பனிடம் குறையிருந்தால் மகளுக்குத் தெரியாமல் அது அவளிடம் போய்ச் சேர்ந்து, அவள் பெறும் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேரிடம் வெளிப்படக்கூடும். மச்சானின் மகள் வயிற்றுப் பேரனுக்கு இது எந்த வழியால் வந்திருக்கலாம் என்று ஆராய்ந்தபோது, மச்சான் கலியாண வீடுகளுக்கு அணிந்து வரும் காலுறைகள் என் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு சோடியிலும் இரண்டு கால்களும் ஒரே நிறமாக இருந்ததாக ஊரில் எவரும் சாட்சி சொல்லமாட்டார்கள். இதற்கு மேல் எழுதுவது குடும்ப சமாதானத்துக்குப் பங்கம்.

வாலிபப் பருவத்தில் நானும் அந்தப் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருக்கிறேன். ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் உத்தியோகம். எழுத்துப் பரீட்சையில் சித்தி. எஞ்சியிருந்தது வைத்திய பரிசோதனை. வைத்திய மாணவனாக இருந்த சிநேகிதன் ஒருவனிடம் இலக்கங்களை எழுதி வாங்கி, '12, 8...' என்று தேவாரம் போலப் பாராமற் பாடம் பண்ணிக்கொண்டு போனேன். அந்த வைத்தியர் புத்தகத்தை நடுவிலே திறந்தார். என் பாராயணம் அத்துடன் சரி. அது கார்த்திகை மாதத்து மழைப் பின்னேரம். யன்னல்கள் சாத்தியிருந்தன. தலைக்கு மேலே மஞ்சள் வெளிச்சம் விட்டுக்கொண்டு ஒரு குமிழ் எரிந்தது. அவர் புத்தகத்தைத் தம் மடியிலே சரித்து வைத்துக்கொண்டு, 'கெதியாச் சொல்லும், கெதியாச் சொல்லும்' என்றார். நான் வெளியே வந்தபோது எனக்கு உத்தியோகம் இல்லை. பிறகு ஒரு நீதிமன்றப் பதிவகத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, கறுப்பு மையையும் வெள்ளைக் காகிதத்தையும் நம்பி ஓய்வூதியம் வரையில் வந்து சேர்ந்தேன்.

அந்தப் படங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று இஷிஹாரா எழுதி வைத்திருப்பதை நான் வாசித்தது ஓய்வு பெற்ற பின்புதான். பகல் வெளிச்சம் பரவிய அறையாக இருக்க வேண்டும். புத்தகம் கண்ணிலிருந்து 75 சென்ரிமீற்றர் தூரத்தில், பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று விநாடி கொடுக்க வேண்டும். மின்குமிழின் மஞ்சள் வெளிச்சம் நிறங்களின் சாயலையே மாற்றிவிடும்.

என் கண் குறையுள்ள கண்தான், அதில் விவாதமில்லை. ஆனால் அந்த அறையில் நடந்தது பரீட்சை அன்று.

இந்த இடத்தில்தான், பதிவகத்தின் மேசைக்குப் பின்னாலிருந்து பல வருஷங்கள் வழக்கேடுகளைப் புரட்டியவன் என்ற உரிமையில், என் சித்தாந்தத்தைச் சொல்கிறேன். வைத்திய நிராகரிப்பை எதிர்த்து நீதிமன்றம் போகிறவன் தன் கண்ணைப் பற்றி வழக்காடினால் தோற்பான்; அந்த அறையிலே எரிந்த விளக்கைப் பற்றி வழக்காடினால் வெல்ல இடமுண்டு.

நீதிபதி சத்திரவைத்தியர் அல்லர். சந்தைக்கு வரும் நிறுவை அளவைப் பரிசோதகர் உங்களுடைய சீனியை நிறுத்துத் தருவதில்லை. கடைக்காரனுடைய தராசு சரியா, படிக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று மாத்திரம் பார்க்கிறார். நீதிமன்றத்தின் வேலையும் அவ்வளவே.

இதை நன்றாக விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் டில்லிப் பக்கம் பார்க்க வேண்டும். இந்தியாவில் இராணுவத்துக்கும் மத்திய ஆயுதப் பொலிஸ் படைகளுக்கும் ஆள் சேர்க்கும் காலங்களில், தட்டைப் பாதம், முட்டும் முழங்கால், விரைநாளப் புடைப்பு, கையை நீட்டும்போது முழங்கையில் தோன்றும் கோணம், பச்சை குத்திய அடையாளம், ஏன், காதுக்குறும்பி வரையில், இளைஞர்கள் திருப்பி அனுப்பப்படுவதற்குக் காரணங்கள் ஏராளம். முதற் பரிசோதனையில் தோற்றவனுக்கு மீள்பரிசோதனை உண்டு. அதிகாரிப் பதவிக்குப் போகிறவனானால் 42 நாளுக்குள் மேன்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் தோன்றலாம். அங்கேயும் தோற்றவர்கள், இன்னும் படையில் சேராதவர்களாகையால், அரசியலமைப்பின் 226ஆம் உறுப்புரையைப் பிடித்துக்கொண்டு உயர்நீதிமன்றப் படியேறுகிறார்கள்.

ஏறும்போது கையில் என்ன கொண்டுபோகிறார்கள்? தனியார் வைத்தியசாலை ஒன்றில் பணம் கட்டிப் பெற்ற 'பூரண சுகம்' என்ற அத்தாட்சிப் பத்திரத்தை. டில்லி உயர்நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் வைத்துவிடுகிறது. படைக்கு வேண்டிய தேகநிலை குடிமக்களின் உத்தியோகத்துக்கு வேண்டியதைக் காட்டிலும் கடுமையானது. பனிமலையிலும் பாலைவனத்திலும் அந்தத் தேகம் படப்போகும் பாட்டை அறிந்தவர்கள் படையின் வைத்தியர்களே. ஆகவே வெளி வைத்தியரின் அபிப்பிராயம் அதை மாற்றாது என்பது அதன் நிலை. ஆனால் அதே நீதிமன்றம், 2024இல் இப்படிப்பட்ட வழக்குகளை ஒன்றாகப் பார்த்துக் கொள்கை வகுத்தபோது, சில கதவுகளைத் திறந்தும் வைத்தது. முதற் பரிசோதனையும் மீள்பரிசோதனையும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலோ, அந்தக் குறைக்கு வேண்டிய நிபுணர் குழுவிலே இல்லாமற் போனாலோ, மறுபடியும் பரிசோதிக்கும்படி கட்டளையிடலாம் என்றது. கவனியுங்கள்: 'இவன் தகுதியுடையவன்' என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 'மறுபடி, ஒழுங்காகப் பாருங்கள்' என்கிறது.

விளக்கு! விளக்கைத்தான் கேட்கிறது.

இதைவிட ஒரு படி ஆழமாகப் போன வழக்கு நமீபியாவில் நடந்தது. (தென்னாபிரிக்காவுக்கு வடமேற்கே, அத்திலாந்திக் கரையில் இருக்கும் தேசம், 1990இல் சுதந்திரமடைந்தது.) அந்நாட்டுப் பாதுகாப்புப் படையில் சேர விரும்பிய ஒருவர், தேக பலத்தில் குறையொன்றும் காணப்படாதவராய் இருந்தும், இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி உண்டு என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் தொழில் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே எழுந்த கேள்வி மிகவும் எளிமையானது. அந்த இரத்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது? கிருமி இருக்கிறது என்று சொல்கிறது. இவர் ஓடுவாரா, மூட்டை சுமப்பாரா, காவல் நிற்பாரா என்று சொல்கிறதா? இல்லை. அதை ஓரளவுக்கேனும் சொல்லக்கூடியவை சீ.டி.4 என்ற வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையும் இரத்தத்திலுள்ள கிருமியின் அளவும். அவற்றைப் படை வைத்தியர்கள் பார்க்கவேயில்லை. அன்றியும், ஏற்கனவே படைக்குள் இருந்தவர்களில் அதே கிருமி உடையவர்கள் கடமை செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. கிருமி உண்டு என்பது மாத்திரம் ஒருவரை விலக்கக் காரணமாகாது. அவர் மீண்டும் விண்ணப்பித்தால், சீ.டி.4 எண்ணிக்கை 200க்குக் குறையாமலும் கிருமியின் அளவு 100,000க்கு மேற்படாமலும் இருக்குமானால், அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. எவ்வளவு நிதானமான தீர்ப்பு! படைக்கு ஆரோக்கியம் வேண்டும் என்பதை அது மறுக்கவில்லை. ஆரோக்கியத்தை அளக்கும் கருவியைக் கொண்டு அளந்துவிட்டுப் பேசுங்கள் என்றது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2008ஆம் ஆண்டு மே மாதத்தில், அயல் தேசமான தென்னாபிரிக்காவிலே, பிரிட்டோரியா உயர்நீதிமன்றமும், எச்.ஐ.வி. உடையோரை ஒட்டுமொத்தமாக விலக்கிவந்த படைக் கொள்கை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்து, புதிய விதி வகுக்கச் சொன்னது.

'ஆபிரிக்கக் கதை எங்களுக்கு எதற்கு?' என்று கேட்பவர்களுக்காகப் பாக்குநீரிணைக்கு அக்கரையிலேயே இரண்டு வழக்குகள் உண்டு. இரண்டும் இராணுவ வழக்குகள் அல்ல. ஆனாலும் 'வைத்தியர் எழுதிவிட்டார்' என்ற அதே வியாதிதான்.

முதலாவது, தீர்ப்பேட்டில் நங்கை என்ற பெயரால் அறியப்படும் பெண்ணின் வழக்கு. தமிழ்நாட்டுப் பொலிஸில் இரண்டாம் தரக் கான்ஸ்டபிளாகத் தெரிவாகிப் பயிற்சியிலிருந்தவரை ஒரு வைத்திய பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பரிசோதனையின் முடிவு அவர் 'பெண்ணல்லர்' என்ற அர்த்தத்தில் வர, வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறந்த நாள் தொட்டுப் பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகப் படித்து, பெண்ணாக ஊரால் அறியப்பட்ட ஒருவரை, ஒரு சோதனைச்சாலைக் காகிதம் எப்படி மாற்றிவிட முடியும் என்று கேட்ட சென்னை உயர்நீதிமன்றம், 2014 ஏப்பிரல் 17ஆந் திகதி அந்த நீக்கத்தை ரத்துச் செய்தது. இங்கே பரிசோதனை பிழையாகச் செய்யப்பட்டதா என்பதல்ல, அப்படியொரு பரிசோதனையைக் கேட்க உங்களுக்கு என்ன அதிகாரம் என்பதே கேள்வியாயிற்று.

இரண்டாவது, என்னைப் போன்ற நிறக்குருடருக்குப் பாயசம் காய்ச்ச வேண்டிய வழக்கு. தமிழ்நாடு மின்சாரக் கழகத்தில் உதவிப் பொறியியலாளர் பதவிக்குத் தெரிவான ஒருவரை, நிறக்குருடு என்று வைத்தியர்கள் கண்டதும் கழகம் நிராகரித்தது. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்ஷம் தீர்த்தார். இருவர் அமர்ந்த அமர்வு அதைப் புரட்டியது. கடைசியில் இந்திய உச்சநீதிமன்றம் 2023 ஒக்டோபர் 16ஆந் திகதி அவரை வேலைக்கு எடுக்கும்படி பணித்தது. 'மின்சாரக் கம்பிகளுக்கு நிறம் உண்டே, ஆபத்தல்லவா?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் உதவிப் பொறியியலாளர் எல்லாரும் கம்பத்தில் ஏறிக் கம்பி முடிகிறவர்களா? பல பிரிவுகள் கொண்ட அந்தப் பெரிய நிறுவனத்தில் அவருடைய குறை இடையூறு செய்யாத ஓரிடத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும் வேலை கொடுப்பவரின் கடமையே என்பது அத்தீர்ப்பின் சாரம். அதற்கு முந்திய வருஷம், 2022 ஏப்பிரலில், புனேயிலுள்ள திரைப்படக் கல்லூரி தன் பாடநெறிகளை நிறக்குருடருக்குத் திறந்துவிட வேண்டும் என்று அதே உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. (மாட்டினி பார்த்துவிட்டு, 'கதாநாயகி கட்டியிருந்தது என்ன நிறச் சேலை?' என்று வீட்டிலே விசாரித்துத் தெரிந்துகொள்ளும் நான், அன்று மிகவும் சந்தோஷப்பட்டேன்.)

இனி எதிர்த் தரப்பின் நியாயத்தையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது.

1875ஆம் ஆண்டு சுவீடனில், லாகெர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு புகையிரதங்கள் மோதிக்கொண்டன. சைகை விளக்கின் நிறத்தைப் பிரித்தறிய முடியாத ஓர் ஊழியர்தான் காரணமாயிருக்கலாம் என்று கருதிய ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர், நிற நிறமான கம்பளி நூல்களைக் கொண்டு ஊழியர்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார். உலகெங்கும் இப்பரிசோதனை கட்டாயமான வரலாற்றின் தொடக்கம் அதுவே. கடலிலும் அப்படித்தான். கப்பலின் இடப்பக்கத்து விளக்கு சிவப்பு, வலப்பக்கத்தது பச்சை. இருட்டில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை அந்த இரண்டு புள்ளிகளைக் கொண்டுதான் அறிய வேண்டும். பருத்தித்துறைக் கடலில் இரவிலே காவல் நிற்கும் கப்பலில் என்னை மேற்தட்டுக்கு அனுப்பினால், நான் கப்பலையும் தாழ்த்தி, எதிரே வருபவனையும் தாழ்த்துவேன். இதில் நீதிமன்றம் தலையிட ஒன்றுமில்லை, தலையிடவும் கூடாது.

ஆனால் ஒரு படையில் எல்லாருமா மேற்தட்டில் நிற்கிறார்கள்? சமைப்பவன், கணக்கெழுதுபவன், களஞ்சியம் காப்பவன், மேளம் அடிப்பவன் இல்லையா? அநேக படைகள் பணிக்குப் பணி வெவ்வேறு நிற அளவுகோல் வைத்திருக்கின்றன. பேரன் எந்தப் பணிக்கு விண்ணப்பித்தான் என்று மச்சானிடம் கேட்டேன். "ஆர் கண்டது, ஆமி நேவி எண்டா எல்லாம் ஒண்டுதானே" என்றார். சரிதான்!

(இடையில் ஒரு சமாசாரம். உருமறைப்பு என்று சிவப்பும் பச்சையுமாகக் குழப்பித் தீட்டிய ஒரு பரப்புக்குள் ஒளித்து வைத்த உருவத்தை, நிறம் நன்றாகத் தெரிபவர்கள் காணத் தவறியபோது நிறக்குருடர்கள் கண்டுபிடித்தார்கள் என்று 1992இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். இஷிஹாராவின் தொகுதியிலேயே, மற்றவர்களுக்கு வெறும் புள்ளிகளாகவும் நம்மில் பலருக்கு இலக்கமாகவும் தெரியும் படங்கள் உண்டு. அவற்றைக் காட்டும்போது மட்டும் ஏனோ எவரும் உத்தியோகம் தருவதில்லை.)

இப்போது பிள்ளை இருக்கும் தேசத்தின் சட்டத்துக்கு வருவோம். இங்கே நான் மச்சானுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், ஊனம் காரணமான பாகுபாட்டைத் தொழிலிலே தடுக்கிறதாயினும், ஆயுதப் படைச் சேவையை அந்தப் பாதுகாப்பிலிருந்து வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. நமீபியாவில் வாதாடித் திறந்த கதவை அங்கே பாராளுமன்றமே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சியிருப்பது, முடிவு எடுத்த முறை நியாயமானதா என்று கேட்கும் நீதித்துறை மீளாய்வு. அதையும் தாமதமின்றி, மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். அதற்கு முன்னால், பையனைப் பற்றிய வைத்தியக் குறிப்புகளின் பிரதியைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கேட்டால், ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

இலங்கையில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால்? அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. அதை மீறிய நிர்வாகச் செயலை எதிர்த்து 126ஆம் உறுப்புரையின்கீழ் நேரே உயர் நீதிமன்றத்துக்கு, அதாவது கொழும்புப் புதுக்கடைக்கு, போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலே படுத்திருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நடந்ததா என்று நீதிமன்றம் கேட்கும். நிராகரிப்பைச் செல்லுபடியற்றதாக்கும் எழுத்தாணையைக் கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் உண்டு. படையினருடைய அடிப்படை உரிமைகளைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரையின் 8ஆம் பந்தி சொல்வதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால், அது படையில் இருப்பவருக்குச் சொன்னது, வாசலில் நிற்பவருக்கன்று என்று பதில் சொல்லலாம். குறைந்தபட்சம் நான் அப்படித்தான் வாதாடுவேன். (126இன் கீழ் வரும் மனுவை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். யாழ்தேவியில் ஏறும்போது மாற்றுடுப்பு எடுத்துச் செல்லுங்கள்.)

ஆகவே மச்சானுக்கு நான் சொன்னது இதுதான். "கோட்டுக்குப் போகச் சொல்லேல்லை. முதல் ஒரு கடிதம் எழுதச் சொல்லும். எந்தப் பரிசோதனை, என்ன வெளிச்சத்திலை, ஆர் பாத்தவர், அவர் கண் நிபுணரோ, எத்தினை படத்திலை எத்தினை பிழை, எந்த விதியின்ரை எந்தப் பந்தி, வேறை பணிக்கு இந்தக் கண் காணுமோ. இவ்வளவையும் மரியாதையாக் கேக்கச் சொல்லும். தனியார் ஆஸ்பத்திரியிலை போய்க் காசைக் குடுத்துச் சேட்டிபிக்கற் வாங்கித் திரிய வேண்டாம்."

பதில் ஒழுங்காக வந்தால், பையனுக்குத் தன் குறை எவ்வளவு, தனக்கு எந்தப் பணி பொருந்தும் என்பது தெரிந்துவிடும்; வழக்கே வேண்டியதில்லை. மழுப்பலாக வந்தால் அந்த மழுப்பலே சாட்சி. பதிலே வராவிட்டால் அது இன்னும் நல்ல சாட்சி. நீதிமன்றம் என்பது கடைசிப் படி. ஆனால் அந்தப் படியில் ஏறக்கூடியவன் என்று தெரிந்தவனுக்குத்தான் கீழ்ப்படிகளில் மரியாதையான பதில் கிடைக்கிறது என்பதை நான் பதிவகத்து மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மச்சான் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "கடிதத்தை நீரே எழுதித் தாருமன்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படியொரு காகிதம் வந்தால், அது வந்த திகதியை அதன் மூலையிலே அன்றைக்கே எழுதி வையுங்கள். மாதக் கணக்கு அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. நீங்கள் எழுதும் கடிதத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாற்கந்தோரில் தரும் அந்தச் சிறு துண்டைச் சட்டைப் பையில் செருகிச் சலவைக்குப் போடாமல், கடிதப் பிரதியின் பின்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அருமையான வழக்குகள் அந்தத் துண்டு இல்லாமல் செத்துப்போனதை நான் கண்டிருக்கிறேன்.